ஒன்பதாம் மாதம் வரை

பிப்ரவரி 11

சின்னு,

போனை எடுக்கவில்லை என்று கோபப்படாதே. உன் குரல் தழுதழுத்தால், சொல்ல வந்ததை முழுங்கிவிட்டு "சரி விடு, சாப்பிட்டியா" என்று கேட்டுவிடுவேன். சின்ன வயதிலிருந்தே நமக்குள் அப்படித்தான் நடக்கிறது. எழுதினால் நடுவில் நீ அழ முடியாது. அதனால் எழுதுகிறேன்.

குழந்தைகள் காப்பகத்தை மூடிவிட்டேன். சுகாதாரத் துறையிலிருந்து வந்தவர்கள், கழுவித் துடைத்துவிட்டுத் திறக்கலாம் என்றுதான் சொன்னார்கள். நான்தான் திறக்கவில்லை. குட்டி நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் வைத்திருக்கிறேன். பெற்றோர்கள் ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளின் பைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை. சுருட்டையின் அப்பா மட்டும் வாசலில் நின்று, "ஒரு ஊசி பாக்கின்னாகூட எங்க புள்ளைங்கள உள்ளயே விடமாட்டீங்களே மேடம்" என்றார். குத்திக்காட்டவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

நேற்று பஞ்சுவின் அம்மா வந்தாள். பேருந்திலிருந்து நேரே வந்திருந்தாள், நடத்துநர் சீருடையோடு. தோல் பை இன்னும் தோளில் தொங்கியது. குழந்தையின் போர்வையும் பால் புட்டியும் இங்கேயே இருந்தன. போர்வையைத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். அவள் அதை முகத்தில் வைத்துப் பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்திருக்கும். துவைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் கேட்டாள். "யாருக்கு முதல்ல அம்மை வந்துச்சு?"

"என் தங்கச்சி பையனுக்கு."

"உருளைக்கா?"

"ஆமாம்."

"அவனுக்குப் போட்டிருக்கலையா?"

"போடலை."

போர்வையை மறுபடி மடித்தாள். "இப்ப எப்படி இருக்கான்?" என்றாள். நல்லா இருக்கான் என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு, புட்டியைத் தோல் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

உனக்கு இதை எழுதுவது உன்னை அழவைக்க அல்ல. உனக்கு இது ஏழாம் மாதம். பிறக்கப்போகும் குழந்தைக்கு எல்லா ஊசியும் அந்தந்த வேளையில் போட்டுவிடுகிறேன் என்று எனக்கு எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம். அது ஒன்று போதும்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அவர் வேலைக்குப் போன பிறகு குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். இரண்டாம் பக்கத்துக்கு வரும்போது குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

எப்படி அக்கா உனக்கு மனசு வந்தது? சொல்ல வேண்டும் என்று யார் உன்னைக் கட்டாயப்படுத்தினார்கள்? "தெரியாது, எங்கிருந்தோ வந்தது" என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது அவள் மனசில் என் பிள்ளையின் முகம் உட்கார்ந்திருக்கும். அவனுக்கு இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை. அவன் என்ன பண்ணினான்?

நீ நினைக்கிறாய், நான் இங்கே மாமியார் வீட்டுக்கு ஓடி வந்து நிம்மதியாக இருக்கிறேன் என்று. இங்கே நடப்பதைக் கேள். உருளை உடம்பு தேறி ஓடியாடுகிறானா, அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர் வீட்டில், மாடி வீட்டில், கடையில், எல்லா இடத்திலும் இதே பேச்சு. "ஊசியே இல்லாம எந்திரிச்சு வந்துட்டான் எங்க பையன். எங்க ரத்தம் அப்படி." அவரும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொள்கிறார். நான் உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறேன். அங்கே ஒரு குழந்தை எழுந்திருக்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்? ஒரு நாள் சொன்னேன். "அது அந்தப் புள்ளையோட உடம்பு அவ்வளவுதான், அதுக்கு நம்ம என்ன பண்றது" என்றார் அத்தை. கெட்டவர் இல்லை அக்கா. எனக்குக் கால் வீங்கினால் அவர்தான் பிடித்துவிடுகிறார்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத முடியவில்லை. போடக் கூடாது என்று நான் என்றைக்குமே நினைத்ததில்லை, அது உனக்குத் தெரியும். உருளைக்கு முதல் ஊசி போட்ட அன்று தொடை கல் மாதிரி ஆகி, காய்ச்சலில் அவன் வீறிட்டதை நீயும்தான் பார்த்தாய். அடுத்தடுத்த ஊசிக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "சளியோட போய் ஊசி போடாதே, நின்னதும் போடலாம்" என்று சொன்னது யார்? நான் யாரைக் கேட்டு நடந்தேன்? எத்தனையோ பிள்ளைகளை வளர்த்தவள் சொல்கிறாளே என்றுதானே இருந்தேன்?

என்னைக் காட்டிக்கொடுத்தாயே, உன் பெயரையும் சேர்த்துச் சொன்னாயா?

சின்னு


மார்ச் 3

சின்னு,

சொல்லவில்லை. அவள் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று சில நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். தெரியவில்லை.

நீ எழுதியது சரி. நான்தான் சொன்னேன். ஒரு தடவை அல்ல. உனக்கு ஞாபகமிருப்பதைவிட எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. அதில் வேடிக்கை என்னவென்றால், வேறு எந்த அம்மாவிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. பஞ்சுவின் அம்மாவை லீவு போட வைத்து அனுப்பினேன். சுருட்டைக்கு இருமல் என்று அவன் அப்பா தயங்கியபோது, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போட்டுட்டு வாங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். வீட்டு ஆள் என்றால் மட்டும் நாக்கு வேறு மாதிரி பேசியது. உனக்கு லீவு கிடைக்காது. ஊசி போட்ட மறுநாள் நீ அவனை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போவாய். அன்று முழுக்க அவன் என் இடுப்பைவிட்டு இறங்க மாட்டான். மற்ற பிள்ளைகளை நான் எப்படிப் பார்ப்பது? அதைச் சொல்லக் கூச்சம். சளி கைக்கு வசதியாக இருந்தது. காப்பகத்தில் விடுகிற பிள்ளைக்குச் சளி எப்போது நின்றிருக்கிறது? நாம் இருவரும் நிற்காத ஒன்று நிற்கட்டும் என்று காத்திருந்தோம்.

அந்த வாரத்தையும் எழுதிவிடுகிறேன். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. உன் மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்து, கொஞ்ச நாள் கழித்து அவனை விட்டாய். கண் சிவந்து மூக்கு ஒழுகியது. வழக்கமான சளி என்று நினைத்தேன். எத்தனையோ பிள்ளைகளை வளர்த்தவளுக்கு அது தெரியவில்லை. மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது அவன் மட்டும் தூங்கவில்லை. பஞ்சுவின் தொட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தான். அழகாக இருந்தது. நான் அவனை விரட்டவில்லை. உடம்பில் தடிப்பு வந்தபோதுதான் உன்னைக் கூப்பிட்டேன். அதற்குள் அது பரவி முடிந்துவிட்டது.

மற்ற பிள்ளைகள் எல்லாரும் அதே அறையில்தான் படுத்திருந்தார்கள். அதே காற்றைத்தான் மூச்சில் இழுத்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. ஊசி போட்டவர்கள். ஊசி போடாதவர்கள் அந்த அறையில் இரண்டே பேர். ஒருவன் நாம் போடாதவன். இன்னொருத்தி போடும் வயதே வராதவள். தட்டம்மை ஊசி ஒன்பது மாதத்தில்தான் போடுவார்கள். அவளுக்கு எட்டு நடந்துகொண்டிருந்தது. "ஒன்பது மாச ஊசிக்கு இப்பவே லீவு சொல்லி வெச்சிட்டேன் மேடம், கடைசி நேரத்துல தரமாட்டானுங்க" என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, நிமோனியா என்று சொன்னார்கள். அந்த லீவை எடுத்துத்தான் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

உன் அத்தையிடம் நான் சொல்ல எதுவும் இல்லை. உன்னிடம் ஒன்று சொல்கிறேன். நீ அவனைப் பக்கத்தில் படுக்கவைத்து இரவும் பகலும் பார்த்துக்கொண்டாய். உனக்கு ஏன் வரவில்லை? உன் ரத்தமா? அம்மா நம் இருவரையும் ஆளுக்கொரு கையில் இழுத்துக்கொண்டு போய் ஊசி போட வைத்தாள். நீ நர்ஸின் கையைக் கடித்தாய். அவ்வளவுதான் காரணம்.

மறுபடி கேட்கிறேன். போடுவாயா?

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

பெண் குழந்தை. நானும் அவளும் நலம். மூக்கு உன்னுடையது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா இங்கயும் வந்துட்டாங்களா" என்றார். பல நாள் கழித்து இந்த வீட்டில் எல்லாரும் சிரித்தோம். இந்த வரியைப் படித்து நீயும் சிரித்திருந்தால் நல்லது.

பிறந்தவுடன் போடுகிற ஊசிகளை ஆஸ்பத்திரியில் யாரையும் கேட்காமலே போட்டுவிட்டார்கள். எனக்கு மயக்கம்கூடத் தெளியவில்லை. அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. "கேக்காம எப்படிப் போடலாம்" என்று அந்த நர்ஸிடம் சண்டைக்குப் போனார். எனக்கு மட்டும் யாரோ ஒரு மூட்டையை என் தலையிலிருந்து இறக்கிவைத்த மாதிரி இருந்தது. முடிவு எடுக்காமலே முடிந்துவிட்டது பார்.

அடுத்தது ஆறாவது வாரம். அதை யாரும் கேட்காமல் போட மாட்டார்கள். நான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவரிடம் பேச்செடுத்தால் "பாக்கலாம்" என்கிறார். அந்தப் "பாக்கலாம்" என்ற வார்த்தையை நீயும் நானும் எப்படிச் சொல்லிப் பழகியிருந்தோம் என்று நினைத்தால் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

உன் போன கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. நீ என்மேல் பாதி, உன்மேல் பாதி என்று பிரித்து எழுதியிருந்தாய். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அது ஆறுதலாக இல்லை அக்கா. உன்மேல் முழுசாகப் போட்டுவிட்டு உன்னை வெறுக்கலாம் என்று இருந்தேன். அதையும் கெடுத்துவிட்டாய்.

குழந்தை பால் குடிக்கும்போது என் விரலைப் பிடித்துக்கொள்கிறாள். நீ அந்தத் தொட்டில் கம்பியைப் பற்றி எழுதாமல் இருந்திருக்கலாம்.

சின்னு


மே 17

சின்னு,

சிரித்தேன். பிறகு கண்ணாடியில் போய் மூக்கைப் பார்த்தேன். பாவம் குழந்தை.

நான் இப்போது ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். பெரிய கட்டிடம். பக்கத்து மேசைக்காரர் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்கிறார். எங்கும் ஒரு குழந்தைகூட இல்லை. அதற்காகத்தான் அந்த வேலையை எடுத்தேன். படித்த படிப்புக்கு இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது என்று எல்லாரும் வாழ்த்துகிறார்கள்.

வேலைக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். போன வியாழக்கிழமை இரண்டாவது பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். பஞ்சுவின் அம்மா. எப்போதும் போகிற தடத்தைவிட்டு இதற்கு மாற்றிக் கேட்டு வாங்கியிருக்கிறாள். பழைய தடம் நம் காப்பகத்தின் வாசல் வழியாகப் போகும். கூட்டம் இல்லை. இறங்கவும் வழியில்லை. சீட்டுக் கொடுத்துக்கொண்டே என் இருக்கைக்கு வந்தாள்.

"எங்க?"

"கடைசி ஸ்டாப்."

சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். நகரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க தங்கச்சி மாசமா இருந்தாங்களே. ஆச்சா?"

"ஆச்சு. பொண்ணு."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்றது. ஏறியவர்களுக்குச் சீட்டுக் கொடுக்க முன்னால் போனாள். பின்னால் நிற்பவர்களைப் பார்த்து "உள்ள போங்க, உள்ள போங்க, அங்க என்ன கண்காட்சியா" என்று சத்தம் போட்டாள். பழைய குரல்தான். காலையில் பஞ்சுவை என் கையில் கொடுத்துவிட்டு, "நான் போற வரைக்கும் அழுதான்னா அது நடிப்பு, கண்டுக்காதீங்க" என்பாளே, அந்தக் குரல். பெண் குழந்தையை அவன் என்றுதான் சொல்வாள்.

திரும்பி வந்தாள். "ஊசி போட்டாச்சான்னு கேளுங்க" என்றாள்.

"நீங்க கேட்டீங்கன்னு சொல்றேன்."

"நான் கேட்டேன்னு சொல்லாதீங்க. என்னைப் பாத்துப் பயந்துக்கிட்டுப் போட வேணாம். போட்டாச்சான்னு மட்டும் கேளுங்க."

கடைசி நிறுத்தத்தில் நான் இறங்கும்போது அவள் ஓட்டுநரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன். நாம் அவளுக்கு வைத்திருக்கும் பாக்கியில் இதுவும் சேரட்டும். ஆறாவது வாரம் நெருங்குகிறது. உன் வீட்டில் யார் என்ன சொன்னாலும், குழந்தைக்கு மூக்கு ஒழுகினாலும், வானம் இடிந்து விழுந்தாலும், தூக்கிக்கொண்டு போ. நான் வந்து கூட்டிப்போகிறேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதமாட்டேன். மறுபடி எனக்காகவோ என் பேச்சைக் கேட்டோ நீ எதையும் செய்ய வேண்டாம்.

அக்கா


ஜூன் 14

அக்கா,

போட்டாச்சு.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று காலையில் குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. கேட்டாயா, மூக்கு ஒழுகியது. அத்தை அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உருளையின் அப்பா கூட வரப் போட்டிருந்த செருப்பைக் கழற்றிவிட்டு, "சளி இருக்கே. அடுத்த வாரம் நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, உருளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டேன். "திரும்பி வந்து காய்ச்சல்ல கத்தினா நீயே வெச்சுக்கோ" என்று அவர் குரல் பின்னால் கேட்டது. நானே வைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி முழுக்க அவர் கூடத்தில் படுத்திருந்தார்.

நர்ஸிடம், சளி இருக்கிறதே போடலாமா என்று கேட்டேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அவள் தலையைத் தூக்காமல், "லேசான சளிதானே, தாராளமா போடலாம். இதுக்காகத் தள்ளிப் போட்டீங்கன்னா போட்ட மாதிரிதான்" என்றாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நாம் மாசக்கணக்காகக் காத்திருந்த கேள்விக்கு அவ்வளவுதான் பதில்.

உருளைக்கும் விட்டுப்போனதையெல்லாம் ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் சில தடவை வர வேண்டும். "இவ்வளவு நாள் எங்க போயிருந்தீங்க" என்று கேட்டாள். நான் உருளையின் சட்டைக்கையை இறக்கிவிட்டேன். அவன் அழவில்லை. தங்கையின் தொடையில் ஊசி இறங்கும்போதுதான் அழுதான்.

வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அத்தை மட்டும் மறுநாள் ஈரத்துணியைக் கொண்டுவந்து குழந்தையின் தொடையில் வைத்தார். "பாவம், வீங்கியிருக்கு" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

இதோடு முடிந்தது, உனக்குச் சந்தோஷமாக எழுதிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் வேறொன்று பிடித்துக்கொண்டது. கிளம்பும்போது நர்ஸிடம் தட்டம்மைக்கு எப்போது என்று கேட்டேன். தெரிந்ததைத்தான் கேட்டேன். ஒன்பதாம் மாதம் என்றாள். முன்னால் போட முடியாதா என்றேன். "இங்க அம்மை எதுவும் பரவலையே, வேணாம். அதுவரைக்கும் சுத்தி இருக்கறவங்க போட்டிருந்தாப் போதும்" என்றாள்.

சுற்றி இருக்கிறவர்கள். வரும்போது பேருந்தில் எங்களுக்கு முன் இருக்கையில் ஒரு சின்னப் பையன் இருமிக்கொண்டிருந்தான். கண் சிவப்பாக இருந்த மாதிரி தெரிந்தது. தூக்கக் கலக்கமாக இருக்கும். பின்னால் திரும்பி என் பெண்ணைப் பார்த்துச் சிரித்தான், எட்டித் தொடப் பார்த்தான். அவன் அம்மா, "பாப்பாவைப் பிடிச்சிருச்சு இவனுக்கு" என்றாள். அவளைப் பார்த்தால் உன்னையும் என்னையும் மாதிரிதான் இருந்தாள். நான் அடுத்த நிறுத்தத்தில் இரண்டு பிள்ளைகளோடும் இறங்கிவிட்டேன். வீடு இன்னும் வெகுதூரம். வெயில். உருளை நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். அவனையும் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

நடக்கும்போது பஞ்சுவின் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இறங்கி நடக்க முடிந்தது. அவளுக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. தினமும் காலையில் குழந்தையை உன் கையில் கொடுத்துவிட்டு, அந்த அறையில் இருக்கும் எல்லாருக்கும் போட்டிருக்கும் என்று நம்பிப் போனாள். அவளிடம் யாரும் வேறு மாதிரி சொல்லவில்லை.

அந்தப் பேருந்தில் நீ மறுபடி போனால், அவள் கேட்காவிட்டாலும், போட்டாச்சு என்று சொல். ஒன்பதாம் மாதம் வரை எனக்குத் தூக்கம் வராது என்பதை மட்டும் சொல்லாதே. அவளுக்குத் தெரியும்.

சின்னு